நூறு கோடியே ஏழு

இரண்டு வருடத்தில் நான்கு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை, ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒன்று போட்டு, எட்டுப் பூச்சியம் போட்டு, கடைசியில் ஏழு. நூறு கோடியே ஏழு.

“இதை ரெண்டு எண்ணாய் உடைச்சுக் கொண்டு வாறவரை நான் கட்டுறன். ஆள் கறுப்போ வெள்ளையோ, உத்தியோகம் இருக்கோ இல்லையோ, ஒண்டும் கேக்கமாட்டன்.” இப்படி அப்பாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த எண் உடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் வினோஜா. கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். முதன்மை எண் என்றால் என்ன என்று ஆறாம் வகுப்புக்கு விளங்கப்படுத்துவதற்குப் பரிசளிப்பு விழாவில் ஆட்கள் உட்காரும் கதிரைகளைத்தான் உதாரணத்துக்கு இழுப்பேன். பன்னிரண்டு கதிரையை நாலு நாலாக மூன்று வரிசை போடலாம். பதின்மூன்று கதிரை இருந்தால் என்ன செய்தாலும் ஒரே வரிசைதான், இல்லாவிட்டால் ஏதாவது மிஞ்சி நிற்கும். பதின்மூன்று முதன்மை எண். நூறு கோடியே ஏழும் அப்படித்தான். அத்தனை கதிரையையும் ஒரே வரிசையில் போடத் தொடங்கினால் வரிசை எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் தொடங்கி நிலாவைத் தாண்டிப் போகும். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன், கதிரைக்கு அரை மீற்றர்.

உடையாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே பிரித்துப் பார்த்தேன். முதல் கொரோனாவில் பல்கலைக்கழகத்தைப் பூட்டிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்ய ஒன்றும் இல்லை. ஒரு எண் உடையுமா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்களால் பிரித்துப் பார்த்தால் போதும். இந்த எண்ணுக்கு அது மூவாயிரத்து நானூற்றொரு பிரித்தல். கணினி கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும், தெரியும். ஆனால் கணினி சொன்னால் கணினிக்குத்தானே தெரியும். எனக்குத் தெரியவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். நாளுக்கு நாற்பது பிரித்தல், எண்பத்தைந்து நாள், பக்கம் பக்கமாக எழுதிய பதினொரு கொப்பி. சோதனைக்குப் படிக்கிறாள் என்று நினைத்து அம்மா தினமும் முட்டைக்கோப்பி அடித்துத் தந்தார். நான் மறுக்கவில்லை.

இனி அம்மாவைச் சொல்லவேண்டும். அம்மா சிவனேஸ்வரிக்கும் எண்கள் என்றால் உயிர், ஆனால் வேறு வழியில். எந்த எண்ணைக் கண்டாலும் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆறு வந்தால் சுக்கிரன், கலியாணத்துக்கு நல்லது. மூன்று குரு. எட்டு வந்தால் சனி. எட்டு எங்கள் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. ஒன்பது செவ்வாய், அதுவும் நல்லதாம், அதனால் எங்கள் வீட்டில் கோழி ஒன்பது. கீரி பிடித்து ஒன்று குறைந்தால் அன்றைக்கே இன்னொன்று வந்துவிடும். பரந்தன் சந்தியில் பஸ்ஸை மறித்து, இலக்கத் தகட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் போங்கோ தம்பி” என்று சாரதியை அனுப்பிவைத்த ஒரே மனுசி என் அம்மா.

அப்பா வீரகத்தி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர். அவருக்குத் தெரிந்த எண் மழை எத்தனை நாள் பெய்தது என்பதுதான். எங்கள் இருவருக்கும் நடுவே அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணித முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கவேண்டும். அதுதான் விசயம், மற்றதெல்லாம் அதற்காகச் செய்த கூத்து. அம்மா கலியாணத்தைக் கட்டிக்கொண்டு போ என்றார். கட்டினால் போகவிடுவார்களா? கேட்டுப் பார்க்க வைத்தேன். முதல் வந்த இடத்திலேயே “படிச்சது காணும்தானே, இனியென்ன படிப்பு” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஒப்பந்தம். உடைக்கிற ஒருவர் வந்தால் நான் கழுத்தை நீட்டுவேன், படிப்பைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். பேராதனையில் இடம் கிடைத்து, வருகிறேன் என்று பதில் எழுதுகிற நாள் வரை ஒருவரும் உடைக்கவில்லை என்றால் அம்மா மறுப்புச் சொல்லாமல் என்னைத் தனியே அனுப்பவேண்டும். அம்மா யோசித்துப் பார்த்தார். ஊரில் எத்தனை படித்த பெடியன்கள், ஒரு எண்ணை உடைக்க ஆளில்லாமல் போகுமா என்று நினைத்திருப்பார். சம்மதித்தார்.

எங்கள் பக்கத்தில் முதலில் போவது சாதகக் குறிப்பு. நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, தரகர் யோகலிங்கத்தாரின் கையில் கொடுத்தால் அவர் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவார். தன் சாதகத்தைத் தானே எழுதக் கூடாது என்று சொல்லி ஒவ்வொரு முறையும் அம்மாதான் பார்த்து எழுதுவார். வட்டம் வட்டமான அழகான எழுத்து. சாதகத்துக்குக் கீழே என் எண்.

அந்த எண்ணைப் பெற்ற முதலாமவர் வவுனியாவில் வங்கியில் வேலை. மூன்று கிழமை வைத்திருந்துவிட்டு, தனக்கு இப்போது கலியாண எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். இரண்டாமவர் சட்டத்தரணி. ஒன்றை நூறு கோடியே ஏழால் பெருக்கினால் நூறு கோடியே ஏழு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்து அனுப்பியிருந்தார். ஒன்று கணக்கில் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் பொறியியலாளர். இரண்டால் பிரித்து ஐம்பது கோடியே மூன்றரை என்று கொண்டுவந்தார். பாலம் கட்டுகிறவராம். மூன்றரைத் தூணில் பாலம் நிற்கும் என்றால் நானும் ஏற்றுக்கொள்வேன் என்றேன். முழு எண்ணாக இருக்கவேண்டும் என்று இன்னொரு வரி சேர்ந்தது.

நாலாமவர்தான் ஆபத்தானவர். சுவிஸில் இருக்கிறவர், கணினி தெரிந்தவர். “இது முதன்மை எண், இதை ஆராலயும் உடைக்க ஏலாது, உங்களை ஏமாத்துகினம்” என்று யோகலிங்கத்தாருக்குக் குரல்செய்தி அனுப்பிவிட்டார். பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் யோகலிங்கத்தார் அதை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டுச் சிரித்தார். “உடைக்கத் தெரியாதவன் எல்லாம் உடையாதெண்டுதானே சொல்லுவான் தங்கச்சி.” நானும் கூடச் சிரித்தேன். பாவம்தான், ஆனால் சிரித்தேன்.

தோற்றவர்கள் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. ஒரு பொம்பிளை கொடுத்த கணக்கில் தோற்றுப்போனேன் என்று எந்த ஆம்பிளை சந்தியில் நின்று சொல்லுவான்? அந்த வெட்கம்தான் இரண்டு வருடமாக எனக்குக் காவல்.

வைகாசியில் பேராதனைக் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, இரண்டு கிழமைக்குள் பதில் எழுதவேண்டும். நான் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பாட்டுப் படித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு குறிப்பு எழுதி யோகலிங்கத்தாரிடம் கொடுத்தார். கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதியதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. அவ்வளவு திமிர்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு வான் வந்து நின்றது. தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்து மாப்பிள்ளை ஜனகன், விவசாயப் போதனாசிரியர், அவருடைய தாய் ராஜினி, கூடவே யோகலிங்கத்தார். நான் குசினிக்குள் வாய்ப்பன் பலகாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். யோகலிங்கத்தார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முற்றத்தில் நின்று சொல்லிவிட்டார்.

“வீரகத்தி அண்ணை, உடைஞ்சுது.”

தட்டைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். முதலில் வந்தது நம்பிக்கையீனம். அடுத்து வந்ததுதான் பயம். மூவாயிரத்து நானூற்றொரு பிரித்தலில் ஒன்றில், ஒரேயொன்றில், கை பிழைத்திருந்தால்? எழுபதாம் நாளில் காய்ச்சலோடு இருந்து செய்தேனே, அதில் மீதி பிழைத்திருந்தால்? உலகத்தில் உள்ள கணினி எல்லாம் சரி சொன்னது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. என் கொப்பிதான் ஞாபகம் வந்தது.

“என்னண்டு தம்பி உடைச்சனீங்கள்?” அம்மாவின் குரலில் சந்தோசம் வழிந்தது.

“அஞ்சால பிரிச்சன்,” என்றார் ஜனகன். குரலில் ஒரு கூச்சம். “இருபது கோடியே ஒண்டு வந்தது. லேசாக் கிடக்கே, ஏதும் சூது இருக்குமெண்டு மூண்டு நாள் பேசாமல் இருந்தனான். பிறகு அதையும் மூண்டால பிரிச்சுப் பாத்தன், அதுவும் பிரிஞ்சுது.”

ஐந்தா? ஏழில் முடிகிற எண்ணை ஐந்தால் பிரித்தாரா? பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. தட்டோடு வெளியே வந்தேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், “அந்தக் கடதாசியை ஒருக்காத் தாங்கோ” என்றேன்.

நாலு மூலையிலும் மஞ்சள். அம்மாவின் வட்டமான எழுத்து. ஒன்று, எட்டுப் பூச்சியம், ஏழு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து.

“இது என்ர எண் இல்லை,” என்றேன்.

ராஜினி அன்ரி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். “பிள்ளை, கடதாசி உங்கட வீட்டிலயிருந்து வந்தது. நாங்கள் எழுதேல்லை.”

“தங்கச்சி, கொம்மாவின்ர எழுத்து எனக்குத் தெரியும்,” என்றார் யோகலிங்கத்தார். “உடைஞ்சாப் பிறகு எண்ணை மாத்திக் கதைக்கிறது வடிவில்லை. நாலு இடத்தில நான் முகங்குடுக்க ஏலாமல் திரியிறன்.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா குசினி வாசலில் நின்றார். ஒரு சொல் போதும். “பிள்ளைதான் இப்ப மாத்திச் சொல்லுறாள்” என்று அம்மா சொன்னால் என் வாக்கும் போயிற்று, பேராதனையும் போயிற்று. சொல்லாமல் நின்றாலே போதும். இரண்டு வருடமாக அம்மா கும்பிட்டுக் கேட்டது முற்றத்தில் வான் போட்டு வந்து நிற்கிறது. நான் அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். உண்மையைச் சொல்கிறேன்.

“சிவனேஸ்,” என்றார் அப்பா. “நீரோ மாத்தினது?”

அம்மா சீலைத் தலைப்பைச் சுருட்டினார், விரித்தார்.

“ஓம். நான்தான்,” என்றார். “அவளின்ர எண்ணில கடைசி ஏழு. ஒண்டும் ஏழும் எட்டு. நாலு மாப்பிள்ளையள் போனதுக்குப் பிறகுதான் கூட்டிப் பாத்தனான். பஸ்ஸைக் கூட்டினன், கோழியைக் கூட்டினன், பெத்த பிள்ளையின்ர கலியாண எண்ணைக் கூட்டிப் பாக்கேல்லை. பெடியள் என்ன செய்வினம், எண் சனியெல்லோ. அதுதான் ஏழை அஞ்சாக்கினன். ஆறு வரும். சுக்கிரன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா இரண்டைக் குறைக்காமல் இரண்டைக் கூட்டியிருந்தால் கடைசியில் ஒன்பது வந்திருக்கும். நூறு கோடியே ஒன்பதும் முதன்மை எண்தான், நூறு கோடியே ஏழோடு இரட்டைப் பிறவி. கூட்டினால் பத்து, பத்தைக் கூட்டினால் ஒன்று, சூரியன். அம்மாவுக்கும் பிடித்திருக்கும், நானும் தப்பியிருப்பேன். ஆனால் கலியாணம் என்றால் சுக்கிரன்தான் என்று அம்மா ஐந்தைப் போட்டுவிட்டார்.

இனியாவது மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு எழும்புவார்கள் என்று பார்த்தேன். நடந்தது வேறு. ராஜினி அன்ரி தலையை ஆட்டினார்.

“எட்டெண்டால் மாத்தத்தானே வேணும் அக்கா. ஜனகன்ர மோட்டார் சைக்கிளுக்கு எட்டு வந்ததெண்டு நாங்கள் ரெண்டு மாதம் எடுக்காமல் விட்டனாங்கள்.”

“பாத்தீங்களே,” என்றார் அம்மா, என்னைப் பார்த்து அல்ல, யோகலிங்கத்தாரைப் பார்த்து.

“நல்ல எண்ணாய் மாத்தினீங்கள், என்ர பிள்ளை உடைச்சான். இதுவும் ஒரு பொருத்தம்தானே,” என்றார் ராஜினி அன்ரி. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்காத குறை. என்னைக் கேட்காமலேயே கலியாணம் திரும்பவும் நடக்கத் தொடங்கியது.

அப்பா வாய்ப்பனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். “பிள்ளை, ஒண்டு கேக்கிறன். உன்ர எண்ணை, அந்த ஏழில முடியிறதை, ஆரும் உடைச்சிருப்பினமோ?”

மனுசன் இருபது வருடம் பேசாமல் இருந்துவிட்டு இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. ஓம் என்றால் பொய். இல்லை என்றால் இரண்டு வருடக் கள்ளமும் வெளியில். ஆனால் அம்மா அப்போதுதான் உண்மையைச் சொல்லி முடித்திருந்தார். அவருக்கு முன்னால் நின்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இல்லை அப்பா,” என்றேன். “அது உடையாது. ஆர் வந்தாலும் உடையாது. தெரிஞ்சுதான் குடுத்தனான்.”

யோகலிங்கத்தார் எழும்பிவிட்டார். “அப்ப அந்தச் சுவிஸ் பெடியன் சொன்னது?”

“சரி.”

“ஐயோ, அவனுக்குக் கூட்டல் கழித்தலே தெரியாதெண்டு நான் முள்ளியவளை வரைக்கும் சொல்லிப்போட்டன்.” அவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“தாய்க்குத் தெரியாமல் மேள், மேளுக்குத் தெரியாமல் தாய்,” என்றார் அப்பா. “நடுவில நான் சாட்சி.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன். மனம் நொந்த பார்வை அது. ஒவ்வொரு முறையும் மஞ்சள் பூசி, குளித்து முழுகி, கும்பிட்டுக் கொடுத்த கடதாசியில் நான் உடையாத ஒன்றை எழுத வைத்திருக்கிறேன். அது அம்மாவுக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

“உடையாதெண்டு எப்பிடித் தெரியும்?” இது ஜனகன். அந்த இடத்தில் கோபம் இல்லாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

“பிரிச்சுப் பாத்தனான்.”

“எத்தினையால?”

சொன்னேன். அவர் நம்பவில்லை. அறைக்குள் போய்ப் பதினொரு கொப்பியையும் தூக்கிக்கொண்டு வந்து வாய்ப்பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்தார், பிறகு இன்னொன்றை எடுத்தார். பக்கம் பக்கமாகப் பிரித்தல், ஒவ்வொன்றின் கீழும் மீதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். எங்கேயும் மீதி பூச்சியம் இல்லை. ராஜினி அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா என்பதுபோல் மகனைப் பார்த்தார்.

“தம்பி,” என்றார் அம்மா. அம்மா இன்னும் விடவில்லை. “அவள் செய்தது பிழைதான். ஆனால் நீங்கள் உடைச்சது உடைச்சதுதானே.”

ஜனகன் கொப்பியை மூடினார். “அம்மா, நான் உடைச்சது உங்கட எண். இவவின்ர எண்ணில நான் கை வைக்கேல்லை. அஞ்சில முடியிறதை அஞ்சால பிரிச்சதுக்குப் பொம்பிளை தாறதெண்டால், நாலாம் வகுப்புப் பிள்ளையளெல்லாம் உங்கட வாசலில வந்து நிக்கும்.”

அப்பா சத்தமாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

போகும்போது ஜனகன் வானுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் கேட்டார். “பதினைஞ்சால பிரிச்சாப் பிறகு ஆறு கோடியே அறுபத்தாறு லட்சத்து அறுபத்தாறாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு மிச்சம் கிடக்கு. அது உடையுமோ?”

“தெரியாது,” என்றேன். “பாக்கேல்லை.”

“பாத்தால் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பேராதனையை விட நான் தயாரில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை.

அப்பா சிறுபோக விதைப்பைப் பார்க்க வயலுக்குப் போய்விட்டார். அம்மா மத்தியானம் சமைத்தார். சட்டிகளைக் கழுவி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கொப்பிகளைக் குசினிக்குக் கொண்டுபோய் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நான் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அம்மா முந்திக்கொண்டார்.

“எண்பத்தைஞ்சு நாளும் இதைத்தான் எழுதினியோ?”

“ஓம் அம்மா.”

“நான் சோதனைக்குப் படிக்கிறாயெண்டு நினைச்சன்.”

“தெரியும்.”

அம்மா இன்னும் இரண்டு பக்கம் திருப்பினார். “ஆறு வாற எண்ணில, உடையாதது ஒண்டுகூட இல்லையோ?”

அதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். “இல்லை அம்மா. கூட்டி வாறது மூண்டால பிரிஞ்சால் எண்ணும் மூண்டால பிரியும். ஆறு வந்தாலும் பிரியும், ஒன்பது வந்தாலும் பிரியும். மூண்டு வந்தாலும் அப்பிடித்தான். மூண்டு எண்ட எண் மட்டும்தான் மிச்சம்.”

“அப்ப குரு, சுக்கிரன், செவ்வாய், எல்லாம் உடையுது.”

“ஓம்.”

“எட்டு?”

“எட்டு வாறதில சிலது உடையும். உடையாததும் கனக்க இருக்கு.”

அம்மா தலையை ஆட்டினார். கணிதம் படித்து இத்தனை வருடத்தில் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்விகள் அவை. என் மாணவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டதில்லை.

“பதினேழு?” என்றார்.

“பதினேழுக்கென்ன?”

“உடையுமோ?”

“இல்லை.”

“பதினெட்டு?”

“பதினெட்டு எல்லாத்தாலயும் உடையும். ரெண்டு, மூண்டு, ஆறு, ஒன்பது. ஏன் அம்மா?”

அம்மா கொப்பியை மூடி மடியில் வைத்தார்.

“நீ பிறந்தது பதினேழாம் திகதி.”

என் பிறப்புப் பத்திரத்தில் பதினெட்டு. அடையாள அட்டையில் பதினெட்டு. இருபத்தெட்டு வருடமாகப் பதினெட்டாம் திகதிதான் எனக்குப் பாயாசம் காய்ச்சுகிறார்கள்.

“சண்டைக்க இடம்பெயர்ந்து போய், ஸ்கந்தபுரத்தில ஒரு கொட்டிலுக்குள்ள பெத்தனான். கொப்பா நிவாரணம் எடுக்கப் போய், மழைக்க மாட்டுப்பட்டு, மூண்டாம் நாள்தான் வந்தவர். எப்ப பிறந்ததெண்டு கேட்டார். பதினேழெண்டு சொல்ல வாய் எடுத்தன், ஒண்டும் ஏழும் எட்டெண்டு மனதுக்க வந்திட்டுது. பதினெட்டெண்டு சொல்லிப்போட்டன். பதிவும் அஞ்சாறு மாதம் பிந்தித்தான் நடந்தது. பதிவுகாரர் கேக்கவும் அதைத்தான் சொன்னனான்.”

“சாத்திரியாருக்கு?”

“அவருக்கும்தான். பத்திரத்தில ஒண்டு, சாதகத்தில ஒண்டு எண்டால் பிடிபட்டிடுமெல்லோ.”

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. “அப்ப இவ்வளவு நாளும் பொருத்தம் பாத்த சாதகம் ஆரின்ரை?”

“ஆரோ அடுத்தநாள் பிறந்த பிள்ளையின்ரை,” என்றார் அம்மா.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்க முடியவில்லை. ஒரு எண்ணை மாற்றாமல் கொடுத்து நாலு பேரை ஏமாற்றியதற்காகக் காலையில் இருந்து கூனிக் குறுகி நின்றேன். அம்மா ஒரு எண்ணை மாற்றி அரசாங்கத்தையும் சாத்திரியாரையும் அப்பாவையும் என்னையும் இருபத்தெட்டு வருடம் ஏமாற்றியிருக்கிறார். யோகலிங்கத்தாருக்குச் சொல்லாதே என்று அம்மா இரண்டு முறை சொன்னார். பிறகு அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முகத்தைத் துடைத்தார்.

“எட்டெண்டால் நீ உடைஞ்சு போவாயெண்டு பயந்தனான் பிள்ளை. அந்த நேரம் அப்பிடித்தான், சுத்திவர எல்லாம் உடைஞ்சு கொண்டிருந்தது. உன்னையெண்டாலும் காப்பாத்துவமெண்டு பாத்தன்.” கொப்பியின் மட்டையைத் தடவினார். “உடையிற எண்ணாய்ப் பாத்து எழுதி வைச்சிருக்கிறன்.”

 அம்மாவின் தோளில் தலையை வைத்தேன். சின்ன வயதுக்குப் பிறகு அப்படி வைத்ததில்லை. எண்ணில் அப்படி ஒன்றும் இல்லை அம்மா, உடைவதும் உடையாததும் வேறு கணக்கு என்று சொல்லலாம். நான் கணித ஆசிரியை, சொல்லவும் வேண்டும். சொல்லவில்லை.

“அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வா,” என்றார் அம்மா. “வாறனெண்டு எழுது. நான் பாக்க எழுது.”

அலுமாரியைத் திறந்து படிவத்தைக் கொண்டுவந்து குசினி நிலத்திலேயே வைத்து நிரப்பினேன். பெயர் எழுதினேன், விலாசம் எழுதினேன். அம்மா எனக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பிறந்த திகதிக்கு வந்ததும் பேனை நின்றது. பத்திரத்தில் உள்ளதைத்தான் எழுதவேண்டும், வேறு வழியில்லை. பதினெட்டு என்று எழுதினேன்.

“அது அவையளுக்கு,” என்றார் அம்மா. “நீ பதினேழு.”